பெயருக்கு முன்னால்

“பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடணுமா மேடம்?”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் அப்பாவின் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக இப்போதுதான் சொன்னார்கள். அது வந்து சேர்வதற்குள் ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட வேண்டும். இருந்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றுக்குக் காலர் நைந்திருந்தது. இன்னொன்றின் பையில் பேனா மை கசிந்து நீலமாகப் பரவியிருந்தது.

“இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா,” என்றான் ஆங்கில நாளிதழின் விளம்பரப் பிரிவுக்காரன். “நீங்க அனுப்புன ஃபோட்டோல சார் கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தொங்குது. மேட்டர்ல வெறும் பேர்தான் இருக்கு. அப்புறம் அச்சாகி வந்ததும் எங்க மேல வருத்தப்படக் கூடாது பாருங்க.”

ஃபோட்டோவை அனுப்பியது அம்மா. வேறு ஃபோட்டோவே இல்லையா என்று கேட்டதற்கு, இதில்தான் அவர் முகம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

“கழுத்துக்கு மேல மட்டும் வெட்டிப் போடுங்க,” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “டாக்டர்னு போடச் சொல்லு. பெரிய எழுத்துல.”

அது மறுமுனைக்கும் கேட்டிருக்க வேண்டும். “இங்க எல்லாமே பெரிய எழுத்துதான் மேடம்,” என்றான் அவன், ஆறுதல் சொல்கிறவனைப் போல. “இரங்கல் விளம்பரத்துல சின்ன எழுத்தே கெடையாது. தலையிலருந்து கால் வரைக்கும் கேப்பிடல்தான்.”

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. அவள் பிழைப்பே அதுதான். ஆங்கிலப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் பிரதி திருத்துகிற வேலை. பெயரோடு ஒட்டி முன்னால் வந்தால் பேராசிரியருக்குப் பெரிய எழுத்து. பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு வந்தாலோ, தனியாக வந்தாலோ சின்ன எழுத்து. முன்னால் டாக்டர் போட்டால் பின்னால் பட்டம் கூடாது. இரண்டையும் போடுவது ஒரே தலைக்கு இரண்டு தொப்பி மாட்டுகிற மாதிரி. இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தலைவர், இயக்குநர், ஆலோசகர் என்று யார் யாரோ போன் செய்து, என் பதவியைச் சின்ன எழுத்தில் போட நீ யார் என்று எகிறுவார்கள். ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர், தன் மனைவி பெயருக்கு முன்னாலும் ஏதாவது பெரிய எழுத்தாகப் பார்த்துப் போட முடியுமா என்று கேட்டிருந்தார். அதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது அப்பா புரையேறச் சிரித்தார்.

“சரி, ரிட்டயர் ஆனவங்களுக்கு என்ன போடுவ?” என்று கேட்டார்.

“முன்னாள்னு போடுவோம். அதுவும் சின்ன எழுத்துலதான்.”

“அதுக்கும் அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் கெடையாதுப்பா. பேர் மட்டும்தான்.”

“அது தேவல,” என்றார் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டு. அம்மா எழுந்து தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். ஜக்கு நிறையத் தண்ணீர் மேஜை மேலேயே இருந்தது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

அவள் கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பேர் மட்டும் போடுங்க. முன்னாடி ஒண்ணும் வேணாம். பின்னாடியும் வேணாம்.”

“உங்க இஷ்டம்.”

அவன் முழுவதையும் படித்துக் காட்டினான். பிழை இல்லை. வந்த வாக்கியங்களில் எங்காவது கை வைக்க ஏதாவது இருக்கிறதா என்று அவள் மனம் வழக்கம்போலத் தேடிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கூடத்துக்கு வந்தபோது அம்மா கேட்டாள். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

பொய் இல்லைதான். ஆனாலும் பொய் சொன்ன மாதிரியே, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனாள்.

அப்பா டாக்டராக இருந்தவர். இப்படி இறந்தகாலத்தில் சொல்வது, அவர் இன்று காலையில் போய்விட்டதால் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மருந்து எழுதக் கூடாது, ஊசி போடக் கூடாது, பெயருக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தையும் புள்ளியையும் போட்டுக்கொள்ளக் கூடாது.

வயிற்று வலி என்று ஒரு பெண் தன் மகனைக் கூட்டிவந்தாள். அப்பா பார்த்து மருந்து கொடுத்தனுப்பினார். மறுநாள் மாலை அவள் மறுபடியும் வந்தாள். அன்று கிளினிக்கில் நிற்க இடமில்லை. ஊரெல்லாம் காய்ச்சல், வீட்டுக்கு இரண்டு பேர் படுத்திருந்த சமயம். பையன் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தான். அப்பா மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே, வாயுதான், சரியாகிவிடும் என்று சொல்லி வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடல்வால் வெடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பையன் போய்விட்டான்.

விசாரணையில் கடைசியில் ஒரு கேள்விதான் நின்றது. இரண்டாவது தடவை வந்தபோது வயிற்றில் கை வைத்துப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்று சொல்லுங்கள் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை, அவள் பேச்சை எடுபடாமல் பண்ணிவிடலாம் என்றார். அப்பா உள்ளே போய், “இல்ல, கை வைக்கல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவள் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பா அவளைத்தான் துணைக்குக் கூட்டிப்போயிருந்தார். அறைக்கு வெளியே நடையில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அந்தப் பெண். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண், “மணி என்னம்மா ஆச்சு?” என்று கேட்டாள். அவள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா திருப்புளியை எடுத்து வாசல் பலகையைக் கழற்றினார். மிச்சமிருந்த மருந்துச் சீட்டுகளில் தலைப்பு அச்சான பகுதியை மட்டும் அடிக்கோல் வைத்து ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்துவிட்டு, மீதித் தாளைக் குறுக்கெழுத்துப் போட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார். பேங்க், டெலிபோன், சமையல் கேஸ் என்று ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கி, பெயருக்கு முன்னால் இருப்பதை எடுத்துவிடச் சொன்னார். பேங்கில் இருந்தவர் குழம்பிப்போனார். “சேக்கறதுக்குத்தான் சார் வழி இருக்கு. எடுக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல,” என்றார். தெருவில் யாராவது “வணக்கம் டாக்டர்” என்றால் நின்று, “டாக்டர் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பார். வணக்கம் சொன்ன பாவத்துக்கு அவர்கள் நெளிவார்கள். நாளடைவில் தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அம்மாவின் பாடு வேறு.

அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏங்க” என்றும் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில், கிளினிக்குக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். நோயாளிகளுக்கு முன்னால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கதவைத் தட்டி, “டாக்டர், சாப்பாடு ரெடி” என்றாளாம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதற்கப்புறம் கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் அவளுக்கு அந்த ஒரு சொல்தான். “டாக்டர், அடுப்புல பால் இருக்கு, பாத்துக்குங்க.” “போங்க டாக்டர், உங்களுக்கு வேற வேலையே இல்ல.” பலகையைக் கழற்றிய அன்று அப்பா, “இனிமே அப்படிக் கூப்பிடாத” என்றார். அம்மா வேறொரு சொல்லைத் தேடிக்கொள்ளவே இல்லை. பேச வேண்டுமென்றால் எதிரில் போய் நிற்பாள். இல்லையென்றால் தொண்டையைச் செருமுவாள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த வீடு இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது.

பிறந்த வீட்டாரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சுவலி வந்தது, அதனால் பிராக்டிஸை விட்டுவிட்டார் என்று சொல்லிவைத்திருந்தாள். அவர்களுக்கு அவர் இன்னும் டாக்டர் மாப்பிள்ளைதான்.

அந்த நெஞ்சுவலி இன்று காலையில் நிஜமாகவே வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பாதான் மகளைக் கூப்பிட்டார். “நெஞ்சுதான். வண்டிக்குச் சொல்லு,” என்றார், யாரோ ஒருவருக்குச் சொல்வது போல. அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவசரப் பிரிவில் ட்யூட்டியில் இருந்தது சின்னப் பெண். எங்கே ஆரம்பித்தது, எந்தப் பக்கம் பரவுகிறது, எப்போது வியர்த்தது என்று அப்பா படுத்தபடியே வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, “சார், நீங்க டாக்டரா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார் அப்பா.

அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை.

வண்டி வந்து, அவரை இறக்கிக் கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். மை கசிந்த சட்டையைத்தான் போட வேண்டியிருந்தது. கறை தெரியாதபடி அவருடைய வலது கையை மடித்துச் சட்டைப் பையின் மேல் வைத்தாள் அவள். அம்மா கட்டிலருகே வந்தாள். குனிந்தாள். உதடுகள் பிரிந்தன. சொல் வரவில்லை. மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். செருமிவிட்டு, அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குக் காத்திருக்கிறவள் போல அப்படியே நின்றாள்.

அப்போதுதான், விளம்பரப் பிரிவுக்கு இன்னொரு தடவை போன் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் நேரம் இருந்தது. கைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் காலையில் பேப்பர் பிரிக்கிறவளாக இருக்கலாம். பிரித்ததும் அந்த முகம், அதன் தலைமேல் அந்த இரண்டு எழுத்து. கைபேசியை உள்ளே வைத்துவிட்டாள்.

அண்ணன் சாயங்கால ரயிலில் வந்து சேர்ந்தான். வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பேப்பர்ல டாக்டர்னு போடல,” என்றாள் அவள். “அம்மாவுக்குத் தெரியாது.”

அவன் கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். “சரி, முன்னாடி போட வேணாம். பின்னாடி எம்.பி.பி.எஸ்.னாவது போட்டிருக்கலாம்ல? படிச்ச படிப்ப எவன் புடுங்க முடியும்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயருக்குப் பின்னால் வருவது ஒருவர் படித்து வாங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை. முன்னால் இருந்ததைத்தான் எடுத்தார்கள். ஆபீசில் இந்த வித்தியாசத்தை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். காலையில் அது ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

“தோணல,” என்றாள்.

“கடைசியா ஏதாவது பேசினாரா?”

“ட்யூட்டி டாக்டர், நீங்க டாக்டரான்னு கேட்டாங்க. இல்லன்னாரு.”

அண்ணன் துண்டை மடியில் போட்டுக்கொண்டான். கீழே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“இத அம்மாகிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத,” என்றான். பிறகு எழுந்துகொண்டே சொன்னான். “அப்பா என்ன சொல்லியிருப்பாருன்னு நீ பாத்த. சரிதான். ஆனா அவர் போயாச்சு. நாளைக்கு இந்த வீட்ல தனியா இருக்கப்போறது அம்மா.”

போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பேப்பர் விஷயத்தை அவனும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தது மாமா. அம்மாவின் அண்ணன். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். இன்னமும் தன் விசிட்டிங் கார்டில் அந்தப் பதவியைப் பெரிதாகப் போட்டு, ‘ஓய்வு’ என்பதை மட்டும் எறும்பு சைஸில் அச்சடித்து வைத்திருப்பவர். கூடம் நிறைய ஆட்கள். அவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விளம்பரத்தைத் தேடிப் பிடித்தார்.

“என்னது இது? டாக்டர்ங்கறதையே விட்டுட்டானுங்க!”

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“பொறுப்பே கெடையாது இவனுங்களுக்கு. ஏம்மா, நீ அந்த லைன்லதானே இருக்க? போனப் போட்டு, நாளைக்கே திருத்தம் போடச் சொல்லு.”

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். விஷயம் அந்த நொடியிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. சொல்றேன் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. திருத்தம் வரவும் போவதில்லை, யாரும் தேடவும் போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

“அவங்க தப்பு இல்ல மாமா. நான்தான் போடல.”

“போடலயா? ஏன்?”

அண்ணன் குறுக்கே புகுந்தான். “அப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காது மாமா. சிம்பிளா இருக்கணும்பாரு.”

“நல்ல சிம்பிள்,” என்றார் மாமா. “மனுஷன் ஆயுசு பூரா சம்பாதிச்சது அந்த ஒண்ணுதான்.” பேப்பரை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அவளும் பின்னாலேயே போனாள். அம்மா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கப்புகளை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

“சொல்லிட்டேன்னு சொன்னியே.”

“அம்மா…”

“அவர் அந்தப் பலகையக் கழட்டினப்ப என்ன ஒரு வார்த்த கேட்டாரா? கேக்கல. இனிமே கூப்பிடாதன்னாரு, வாய மூடிக்கிட்டேன். தப்பு பண்ணவர் அவரு, தண்டன குடுத்தவங்க அவங்க. நான் யாரு நடுவுல? சரின்னு இருந்தேன்.” தண்ணீர் கப்பு நிறைந்து வழிந்தது. “நேத்து நீயும் என்னக் கேக்கல. அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி.”

அவசரப் பிரிவில் அவர் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நுனிநாக்கு வரை வந்தது. அம்மாவின் ஈரக் கையைப் பார்த்தாள். மோதிர விரலில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. சொல்லவில்லை.

“போ. வர்றவங்களப் பாரு,” என்றாள் அம்மா. அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். கேட்டருகே ஒரு பெண் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. தோளில் ஒரு கைப்பை. வீட்டின் எண்ணைப் பார்த்தாள், உள்ளே கிடந்த செருப்புகளைப் பார்த்தாள்.

“உள்ள வரலாமா?”

முகம் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. மணி என்னம்மா ஆச்சு என்று கேட்ட குரல்.

“நீங்க அன்னிக்கு வெளியில உக்காந்திருந்த பொண்ணுதானே?” என்றாள் அந்தப் பெண்.

அவள் தலையாட்டினாள்.

“பேப்பர்ல மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. மேல என்ன போட்டிருக்குன்னு பாத்தேன். பேர் மட்டும்தான் இருந்துது.” கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “வேற மாதிரி போட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். சண்ட போட வரலம்மா. பயப்படாதீங்க.”

அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

அந்தப் பெண் கட்டிலருகில் போய் நின்றாள். கும்பிடவில்லை. அழவும் இல்லை. முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சட்டைப் பையின் மேல் மடித்து வைத்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். அதைப் பார்த்தபடி நகராமல் நின்றாள். மாமா நாற்காலியில் அசைந்து உட்கார்ந்து, யார் இது என்பது போல அண்ணனைப் பார்த்தார். அண்ணன் உதட்டைப் பிதுக்கினான்.

“வாங்க, இப்படி உக்காருங்க,” என்றாள் அம்மா. அறிமுகமில்லாத முகம் வந்தால் அம்மாவுக்கு அது நோயாளிதான். “நீங்க டாக்டர்கிட்ட வைத்தியம் பாத்தவங்களா?”

அந்தச் சொல்லை அம்மா வாயால் கேட்டு எத்தனை காலமாகிறது! தண்ணீர் டம்ளரை எடுத்துவந்த அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். இடையில் புகுந்து ஏதாவது சொல்ல வேண்டும். அம்மா, கொஞ்சம் உள்ள வா என்றாவது.

அந்தப் பெண் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “ஆமா,” என்றாள். “என் பையனுக்குப் பாத்தாரு.”

“ரொம்பக் கூட்டமா இருக்கும், இல்ல? வாசலைத் தாண்டி நிப்பாங்க. எங்க டாக்டர் ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டாரு.”

“ஆமா. கூட்டமாத்தான் இருந்துது.”

“கைராசிக்காரர்னு ஊரெல்லாம் சொல்வாங்க. கை வச்சார்னாலே பாதி வலி போயிடும்பாங்க.”

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ இடித்துக்கொண்டு சுற்றியது. அம்மாவின் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. கிளினிக் கதவைத் தட்டிய காலத்தை யாரோ கொண்டுவந்து மடியில் வைத்த மாதிரி.

“பையன் இப்ப எப்படி இருக்கான்? நல்லா வளந்திருப்பானே.”

அந்தப் பெண் தலையைத் தூக்கி, அம்மாவைத் தாண்டி, டம்ளரோடு நின்ற அவளைப் பார்த்தாள். அவளால் அந்தக் கண்களைப் பார்க்கவும் முடியவில்லை, விலக்கிக்கொள்ளவும் முடியவில்லை.

“நல்லா இருக்கான்மா,” என்றாள் அந்தப் பெண்.

“என்ன பண்றான்?”

“படிச்சு முடிச்சிட்டான். வேலைக்குப் போறான்.”

“நல்லா இருக்கட்டும்,” என்றாள் அம்மா. கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டர் இருந்தா ரொம்ப சந்தோஷப்படுவாரு. ஒருத்தரையும் மறக்க மாட்டாரு. பேர் சொன்னாப் போதும், என்ன உடம்புக்கு வந்தாங்கன்னு சொல்வாரு.”

அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் விடவில்லை. வருகிறவர்கள் வந்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்றார்கள், நகர்ந்தார்கள். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் டம்ளரை அந்தப் பெண்ணின் அருகே தரையில் வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் தண்ணீரை எடுத்து முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கேட் வரைக்கும் அவள் கூடவே போனாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தை மனசுக்குள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

எடுக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அண்ணனும் மாமாவும் அப்பாவோடு வண்டியில் ஏறினார்கள். அம்மாவையும் அவளையும் பின்னால் காரில் உட்காரவைத்தார்கள். அம்மா ஜன்னலோரம். இருவருக்கும் நடுவில் யாருடையதோ ஒரு பூக்கூடை. வண்டி தெருமுனையில் திரும்பும்போது பெரிய ரோட்டில் நெரிசல். கார் நின்று நின்று ஊர்ந்தது.

“அந்தம்மா இன்னும் நிக்கறாங்க பாரு,” என்றாள் அம்மா.

சமையலறைக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு. அவள் குனிந்து அம்மா பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாள். பஸ் கிளம்பிப் போயிற்று.

“எந்த பஸ்ஸுன்னு தெரியல போலருக்கு. பாவம்,” என்றாள் அம்மா.

கார் நகர்ந்தது. நிறுத்தத்தின் நிழல் இரண்டடி தள்ளித்தான் விழுந்திருந்தது. அந்தப் பெண் அதற்குள் போகாமல், வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.